கொக்கிக்குக் கீழே நிற்கிறவர்கள்

நைனா,

இந்தக் கடிதத்தை உன் கூட வேலை செய்கிறவர்கள் யாராவது எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும், மறைக்காதே. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் கொடு. பெரிய ஆபீசில் உட்கார்ந்திருக்கிற ஆளை அம்மா ‘நைனா’ என்று கூப்பிடுகிறாளே என்று கூச்சமாக இருந்தால் முதல் வரியை மட்டும் மடித்துக்கொள். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ, “டென்ஷன் ஆவாதம்மா” என்பாய். உடனே நானும் டென்ஷனே இல்லாதவள் மாதிரி, சாப்பிட்டாயா, துணி காய்ந்ததா என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது. பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டு குளமாகிக் கிடக்கிறது, திருவள்ளூர் பக்கம் பஸ் போகவில்லை, நான் வேலைக்குப் போகவில்லை. உங்கப்பா மட்டும் குடையை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பயிற்சி முடிந்துவிட்டது, தீபாவளிக்கு வந்து திரும்பியதும் ஒரு பெரிய தொழிற்சாலையில் டிசைன் சாஃப்ட்வேரையும் பி.எல்.எம். சிஸ்டத்தையும் இணைக்கிற வேலையை உன் பொறுப்பில் விடப்போகிறார்கள் என்று போன வாரம் சொன்னாய். உன் குரலில் இருந்த குதூகலம் எனக்குக் கேட்காமல் இல்லை. நான் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றியதும், “இன்னாம்மா, உனுக்கு சந்தோஷம் இல்லியா?” என்று கேட்டாய். சந்தோஷம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாகப் பயம் இருக்கிறது. நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரியும். கேஸை மூடினேனா என்று பஸ் ஏறிய பிறகும் இறங்கி வந்து பார்க்கிறவள். “உங்கம்மா சிலிண்டருக்குத் தாலாட்டு பாடிட்டுத்தான் வருவா” என்று உங்கப்பா சொல்ல, அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சிரிப்பீர்கள். இந்தப் பயம் அந்த வகையைச் சேர்ந்தது இல்லை. இது போன ஆடி மாதத்தில் எனக்குள் வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. காரணத்தை இத்தனை நாளாக உன்னிடம் மறைத்தோம். “படிக்கிற புள்ளைக்கு இன்னாத்துக்கு இத்தெல்லாம்” என்றார் உங்கப்பா. இனி நீ படிக்கிற பிள்ளை இல்லை. அந்த வேலையைச் செய்யப்போகிறவனே நீதான் என்கிறபோது உன்னிடம் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் காக்களூர் கம்பெனியில் என்ன செய்கிறோம் என்று உனக்குத் தெரியும். கிரேனின் கயிற்று முனையில் தொங்குமே, சக்கரங்களும் கொக்கியும் சேர்ந்த ஒரு கனமான உருப்படி, அதை ஹூக் பிளாக் என்போம். அதை வரைவதுதான் என் பிழைப்பு. பி.எல்.எம். வருவதற்கு முன்னால், நான் படத்தை வரைந்து அச்செடுத்தால், ஒரு பிரதி பர்ச்சேஸுக்கு, ஒன்று ஸ்டோருக்கு, ஒன்று இன்ஸ்பெக்ஷனுக்குப் போகும். எந்த உருப்படிக்கு எந்த இரும்பு என்று படத்தின் வலது மூலையில் நான் எழுதியிருப்பேன். மூன்று பேரும் அவரவர் கண்ணால் அதைப் படித்து, அவரவர் சந்தேகத்தோடு என் மேஜைக்குச் சண்டைக்கு வருவார்கள். “இன்னா மேடம், இந்த ரேட்டு இரும்புதான் வேணுமா?” என்று ஒருத்தர், “நீங்க கேக்கற சைசு எங்கியும் இல்ல மேடம்” என்று ஒருத்தர். என் வாழ்க்கையில் பாதி அந்தச் சண்டையிலேயே போயிற்று. பி.எல்.எம். சிஸ்டம் வந்ததும் அது நின்றது. ஒரு பொருள் படமாகப் பிறப்பதிலிருந்து ஸ்கிராப்பில் போகிறவரை அதன் விவரமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்றார்கள். படத்தை முடித்து உள்ளே சேர்த்தால் போதும், பாகங்களின் பட்டியல் தானாக உருவாகி எல்லோருடைய திரைக்கும் போய்விடும். ஆரம்பித்த அன்று முதலாளி ஆபீசுக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். என் மேஜைக்கு யாரும் சண்டைக்கு வராத நிம்மதி அத்தனை இனிப்பாக இருந்தது.

இப்போது எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுப் படம் வரைய நாங்கள் வெற்றுத் திரையில் ஆரம்பிப்பதே இல்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற பழைய படத்தைத் திறப்போம், ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு பெயர் வைப்போம், அளவுகளை மாற்றுவோம், மூலையில் இருக்கிற எழுத்தை அழித்துப் புதிதாக எழுதுவோம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஏழாவது படிக்கும்போது பக்கத்து வீட்டுப் பையனின் லீவ் லெட்டரைப் பார்த்து அப்படியே எழுதினாய். உன் பெயரை மாற்றினாய், வகுப்பை மாற்றினாய், தேதியை மாற்றினாய். ‘என் தங்கைக்குக் காது குத்து’ என்கிற வரியை மாற்ற மறந்துவிட்டாய். உனக்கு எப்போது தங்கை பிறந்தாள் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் வெட்கப்பட்டுக்கொண்டே நின்றேன். அதைப் படிக்க ஒரு டீச்சர் இருந்தார், அவருக்கு நம் வீட்டைத் தெரிந்திருந்தது, அதனால் பிழைத்தோம். எங்கள் படங்களுக்கும் உள்ளே அப்படி ஒரு வரி இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற மூலைக்குப் பின்னால், ப்ராப்பர்ட்டி என்று ஒரு பெட்டி. அதிலும் ‘இரும்பு வகை’ என்று ஒரு கட்டம் உண்டு. எங்களில் யாரும் அதைத் திறந்ததே இல்லை. திறக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை, ஏனென்றால் அச்சில் அது வராது. ஆனால் சிஸ்டத்துக்குப் படம் தெரியாது, நைனா. அது அந்தப் பெட்டியை மட்டும்தான் படிக்கும். இதை நீ என்னைவிட நன்றாக அறிவாய். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆடி பிறந்து சில நாளில், இணைப்பின் அடுத்த கட்டம் என்று சதீஷ் படத்தாளுக்கு ஒரு புது வடிவத்தை, டெம்ப்ளேட்டை, அனுப்பினான். சதீஷ், எங்களுக்கு இதைச் செய்துகொடுத்த கம்பெனியின் பையன். உன் வயசுதான் இருக்கும், மரியாதையான பிள்ளை. இனிமேல் மூலையில் நாங்கள் கையால் எழுத வேண்டாம், பெட்டியில் இருப்பது தானாகவே மூலையில் வந்து விழும் என்றான். ஒரு படத்தைத் திறந்து அந்த வடிவத்தைப் போட்டுப் பார்த்தேன். ஹூக் பிளாக்கின் நடுவே எல்லாச் சக்கரங்களையும் கோத்துத் தாங்குகிற ஷாஃப்டின் படம் அது. கொக்கியில் என்ன தொங்கினாலும் அந்தச் சுமை முழுவதும் அந்த ஷாஃப்டின் மேல்தான். அதற்கு நல்ல கடினமான கலப்பு எஃகு வேண்டும், சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். புது வடிவம் விழுந்ததும் என் எழுத்து மறைந்து, அந்த இடத்தில் ‘எம்.எஸ்.’ என்று வந்தது. எம்.எஸ். என்றால் சாதா இரும்பு, ஜன்னல் கம்பிக்குப் போடுவது. எனக்கு வந்த கோபத்தில் சதீஷுக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்தேன். என் படத்தில் கை வைக்க நீ யார் என்று கேட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “மேடம், நாங்க எத்தையும் மாத்தல. உள்ள ஏற்கனவே அப்பிடித்தான் இருந்துச்சு.”

ஏற்கனவே என்றால் எப்போதிலிருந்து? ஏதோ ஒரு மூடித் தகட்டுக்கு வரைந்த சின்னக் கம்பியின் படத்தைத் திறந்து நான் சேவ் ஆஸ் கொடுத்திருக்கிறேன். அதன் பெட்டியில் எம்.எஸ். இருந்திருக்கிறது. அது கூடவே வந்துவிட்டது. சிஸ்டம் ஆரம்பித்த பிறகு அந்த ஷாஃப்ட் ஒரு லாட் செய்து முடித்து, ஹூக் பிளாக்கில் பூட்டி அனுப்பவும் தொடங்கிவிட்டார்கள். பர்ச்சேஸ் பட்டியலைப் பார்த்து எம்.எஸ். வாங்கினார்கள். ஸ்டோரில் எம்.எஸ். கொடுத்தார்கள். லேத்துக் கடைசல் வெளிப் பட்டறையில் நடக்கிறது, அங்கே அளவை மட்டும்தான் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்ஷனில் கடினம் சோதிப்பார்களே என்று ஓடினேன். அவர்களுடைய தாளையும் அதே சிஸ்டம்தான் கொடுக்கிறது, எம்.எஸ்.ஸுக்குக் கடினம் சோதிக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. முன்பு மூன்று பேர் மூன்று கண்ணால் படித்தார்கள். இப்போது மூன்று பேரும் ஒரே பெட்டியைப் படித்தார்கள். அதில் தப்பு என்று சொல்ல நாலாவது ஆள் யாரும் இல்லை.

எங்கே போயிருக்கிறது என்று தேடினேன். லாட்டில் பெரும்பகுதி எங்கள் குடோனிலேயே இருந்தது, கடவுள் புண்ணியம். ஒன்றே ஒன்று வெளியே போயிருந்தது, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் மில்லுக்கு. மில்லின் பெயரைத் திரும்பவும் படித்தேன். உங்கப்பாவின் மில். உருக்கிய இரும்பை ஏந்திக்கொண்டு போகிற வாளியைத் தூக்கும் கிரேன். அந்த வாளியைக் கொக்கியில் மாட்டிவிடுகிற கலாசிகளுக்கு உங்கப்பாதான் மேஸ்திரி. இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்கிற இடத்தை நான் ஒரே ஒரு தடவை, ஆயுத பூஜைக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். அடுப்பு அணைந்திருந்தது, கிரேனுக்கு மாலை போட்டிருந்தார்கள், நீ அவர் தோளில் உட்கார்ந்து கொக்கியைத் தொட வேண்டும் என்று அழுதாய். நான் வரைகிற பொருள் அங்கேயும் தொங்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முகம் வெளிறிப் போயிற்று. தண்ணீர் குடித்தார். “ஒடனே சரியான மெட்டீரியல்ல ஒண்ணு பண்ணச் சொல்றேன். கையில ரெடியா வெச்சிக்கினு மில்லுக்குப் போன் பண்ணிடலாம். இப்பவே சொன்னா பேஜாரு ஆயிடும், எல்லா ஆர்டரும் போயிடும்” என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். கம்பி வர வேண்டும், கடைய வேண்டும், பதப்படுத்த வேண்டும், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார். அதுக்குள்ள ஒண்ணும் ஆவாது மேடம், பாதுகாப்புக்கு எக்ஸ்ட்ரா போட்டுத்தானே டிசைன் பண்றோம் என்று என்னிடமே கேட்டார். என் வீட்டுக்காரர் அதுக்குக் கீழேதான் நிற்கிறார் என்று அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொந்தக் காரியத்துக்காகக் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடுமோ, அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். சரி சார் என்று வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் உங்கப்பா வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். “இன்னா மே, ஒரு மாதிரியா கீற?” என்றார். சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். அப்புறம், “அந்தப் புது கொக்கி, ரெண்டாம் நம்பர் கிரேன்லதான் போட்டாங்க” என்றார். நாளைக்கு லீவு போடுங்க என்றேன். “நான் லீவு போட்டா கொக்கி லீவு போடுமா?” என்று கேட்டார். மில்லில் யாரிடமாவது சொல்லுங்கள் என்றேன். நம் வீட்டுப் போனில் வெளியூருக்குப் பேச முடியாதே, அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஷிஃப்ட் இன்சார்ஜுக்குப் பேசிவிட்டு வந்தார். “கம்பெனில இருந்து எழுத்துல வரட்டும்ன்றாரு. உம் பொண்டாட்டி சொன்னான்னு ஓடற அடுப்ப எப்பிடி நிறுத்தறதுன்றாரு. அவரு சொல்றதும் நாயம்தான்.” சொல்லிவிட்டுச் சாப்பிட்டார், படுத்தார், தூங்கியும் விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அவருக்கு முதல் ஷிஃப்ட். இருட்டோடு கிளம்பிக் கவரைப்பேட்டையில் மில் வேனைப் பிடிக்கிறவர். வாசல் வரைக்கும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன், கல்யாணமான புதிதில் கூட அப்படிப் பிடித்ததில்லை. “வுடு மே, யாராச்சும் பாக்கப் போறாங்க” என்று கையை உருவிக்கொண்டு போனார். அவர் கிழக்கே, நான் மேற்கே. ஆடிக் கூட்டம், வேப்பிலையும் பொங்கல் பானையுமாக ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, திருவள்ளூர் பஸ் நகரவே இல்லை. சன்னலுக்கு வெளியே அத்தனை பேரும் அம்மனிடம் எதையோ கேட்டுக்கொண்டு போனார்கள். நானும் பஸ்ஸிலிருந்தபடியே கேட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பயத்தை எப்படி விவரிப்பேன், நைனா? பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து வாந்தி வருதா என்று கேட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

கம்பெனிக்குப் போய் என் இடத்தில் உட்காரவே இல்லை. நேரே முதலாளி அறைக்குப் போனேன். யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள், கவனிக்கவில்லை. “சார், என் வீட்டுக்காரர் அந்தக் கிரேனுக்குக் கீழதான் நிக்கறார். இப்ப நிக்கறார்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வந்திருந்தவரை வெளியே போகச் சொல்லக்கூட இல்லை, போனை எடுத்தார். மில்லின் பெரிய மேனேஜரைக் கூப்பிட்டு, எங்கள் தப்பு, கிரேனை நிறுத்துங்கள், எழுத்தில் இப்போதே ஃபேக்ஸ் அனுப்புகிறேன் என்றார். அவ்வளவுதான், ஒரு நிமிஷம் ஆகவில்லை. மத்தியானத்துக்குள் கிரேனை நிறுத்திவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதி சாயங்காலத்துக்குள்ளேயே கெட்டுப்போனது. பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. அதே முதலாளி, அதே ஷாஃப்ட், அதே கிரேன். முதல் நாள் ‘அதுக்குள்ள ஒண்ணும் ஆவாது’ என்றவர், மறுநாள் ஒரு நிமிஷத்தில் போனை எடுத்தார். இடையில் மாறியது என்ன? கீழே நிற்கிற ஆளுக்கு ஒரு முகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவரைச் சொல்லி என்ன, நானே அப்படித்தான். மில்லின் பெயர் வேறாக இருந்திருந்தால், ஒரிசாவிலோ பீகாரிலோ ஏதோ ஓர் ஊராக இருந்திருந்தால், ‘சரி சார்’ என்று சொல்லி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த படத்தைத் திறந்திருப்பேன். கொஞ்சம் கவலைப்பட்டிருப்பேன். ராத்திரி தூங்கியிருப்பேன். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

கதை இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். பதினைந்து நாள் போயிருக்கும், ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிரேனை ஓட்டுகிற ஏழுமலை குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தவர் நம் வீட்டில் சாப்பிட வந்தார். உங்கப்பா தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். “அண்ணி, உங்களுக்குத் தெரியுமா? அன்னிக்கு கழட்டிப் பாத்தா அந்த ஷாஃப்டு வளைஞ்சிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா எல்லாரையும் அள்ளிக்கினு போயிருக்கும்” என்றார். எனக்குத் தெரியாது. சரியாகத்தான் இருந்தது, சும்மா மாற்றினார்கள் என்று உங்கப்பா என்னிடம் சொல்லியிருந்தார். ஏழுமலை நிறுத்தவில்லை. “காலைல அடுப்பு ஊத்தறதுக்கு முன்னாடியே அண்ணன் டார்ச் அடிச்சிப் பாத்தாரு. சக்கரம் ஒரு பக்கம் சாஞ்சி நிக்கிது, ஏழுமலை, மெதுவா தூக்கு, தாழவே போன்னாரு. மத்தவங்களையெல்லாம் அந்தாண்ட அனுப்பிட்டாரு. ரெண்டு தபா ஊத்தறதுக்கும் அவரே தனியா மாட்டனாரு.” நான் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அவர்கள் போன பிறகு உங்கப்பாவிடம் சண்டை போட்டேன். நம் வீட்டில் அப்படி ஒரு சண்டை நடந்ததே இல்லை. சக்கரம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் எதற்கு மாட்டினீர்கள், மாட்டமாட்டேன் என்று சொல்ல வாய் இல்லையா, நான் இங்கே ஒருத்தி இருக்கிறேனே, உனக்கு ஒரு பிள்ளை இருக்கிறானே என்று மரியாதையெல்லாம் போய்க் கத்தினேன். எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “இன்சார்ஜுகிட்ட சொன்னேன் மே. லெட்டர் வந்தாத்தான் நிறுத்த முடியும்னுட்டாரு. உருக்கின இரும்ப அடுப்புல எவ்ளோ நேரம் வெச்சிக்கினு இருப்பாங்க? நான் மாட்டலன்னா காண்ட்ராக்ட்டு ஆள வுடுவாங்க. அவனுக்கு ஒண்ணியும் தெரியாது, நேரா கீழ போய் நிப்பான். எனக்காச்சும் எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியும்.” அப்புறம், “பயமா இல்லன்னு நெனச்சிக்காத” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

அதற்குப் பிறகு கம்பெனியில் நாங்கள் பழைய படங்களின் பெட்டியை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். வேறு தப்புகளும் கிடைத்தன, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லாதவை. இரும்பு வகைக் கட்டம் காலியாகவோ பழைய படத்தில் இருந்தது அப்படியே வந்தோ இருந்தால் படம் உள்ளே சேராத மாதிரி சதீஷ் செய்துகொடுத்தான். அது போதாது என்று நான் முதலாளியிடம் பிடிவாதம் பிடித்து ஓர் அனுமதி வாங்கினேன். சுமை தாங்குகிற உருப்படிகளுக்கு மட்டும் இன்ஸ்பெக்ஷன் ஆள் சிஸ்டத்தின் தாளைப் பார்க்கக் கூடாது. வரைந்தவர் மேஜைக்கு நேரில் வந்து, இது எதுக்கு, இதில் என்ன தொங்கும் என்று கேட்டுத் தன் கையால் எழுத வேண்டும். பழையபடி என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். சதீஷ் சிரிக்கிறான், “இணைக்கச் சொல்லிட்டு நீங்களே பிரிக்கிறீங்களே மேடம்” என்கிறான். நீயும் சிரிப்பாய், தெரியும். இணைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நைனா. அது இல்லாமல் இனி முடியாது. முன்பு எங்களிடம் தப்பே நடக்கவில்லையா, நடந்தது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு தப்பு செய்தார்கள், ஒருவர் தப்பில் மற்றவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். நீங்கள் வந்து வழியைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறீர்கள். முட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் தப்பும் வேகமாகப் போய்ச் சேருகிறது. அங்கே இருக்கிற டிசைன்காரர்கள் உன்னிடம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வார்கள். பொய் சொல்ல மாட்டார்கள், நானும் பொய் சொல்லவில்லை. அவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்வார்கள். நீ பெட்டியைத் திறந்து காட்டச் சொல். எந்தப் பழைய படத்திலிருந்து இதை எடுத்தீர்கள் என்று கேள். நேரம் ஆகிறது என்று உன் மேலதிகாரி முறைத்தால் முறைக்கட்டும். உனக்கு வேலை போனால் இங்கே சோறு இருக்கிறது.

உங்கப்பா நன்றாக இருக்கிறார். சாப்பிடுகிறார், டி.வி. பார்க்கிறார், ஏழுமலையோடு சீட்டு ஆடுகிறார். ஆனால் நீ தீபாவளிக்கு வரும்போது நடு அறையில் கட்டில் இடம் மாறியிருக்கும், சுவரோரம் போட்டிருக்கும். அவர் இப்போது ஃபேனுக்கு நேர் கீழே படுப்பதில்லை. ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவரே இழுத்துப் போட்டிருந்தார், நான் ஏன் என்று கேட்கவில்லை. நீயும் கேட்காதே. வியர்த்துக் கொட்டினாலும் அங்கேயே படுத்துக்கொள்கிறார். போன வாரம் நீ போனை வைத்த பிறகு, பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று என்னிடம் விளக்கமாகக் கேட்டார். சொன்னேன். “அப்ப அந்தப் பெட்டில இருக்கறது எங்கெங்க போவணும்னு இவன்தான் சொல்லுவானா?” என்றார். ஆமாம் என்றேன். “அவனுக்குக் கீழ எத்தினி பேர் நிப்பாங்க?” தெரியாதுங்க என்றேன். சுவரோரம் திரும்பிப் படுத்துக்கொண்டார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். “அவனுக்காச்சும் தெரியுமா?” என்றார். நீ வந்ததும் உன்னிடமே கேட்பார். பதிலோடு வா.

அம்மா